நீர் வற்றிய ஆற்றில் நெடும்பந்தயம்

நீர் நிறைந்த ஆற்றில் கயாக் விடுவதைப் பற்றி முன் அத்தியாயங்களில் சொன்னவற்றுள் பெரும்பகுதியை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டே வாசகர் இந்த அத்தியாயத்துக்குள் வர வேண்டும். நிறைந்த ஆறு நமக்காகப் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. பாறைகளை மூடுகிறது, திட்டுகளை மறைக்கிறது, வளைவுகளில் நாம் செய்யும் சிறு பிழைகளைப் பொருட்படுத்தாமல் தன் பிரவாகத்தோடு நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நீர் வடிந்த பிறகு, ஆறும் தூரமும் படகும் மாறாமலே இருக்க, பந்தயம் மட்டும் வேறொன்றாகிவிடுகிறது. புஜபலத்தில் எவருக்கும் சளைக்காதவர் நடுக்கூட்டத்தில் சிக்கிக்கொள்வதும், சாதாரணமாகத் துடுப்புப் போடும் ஒருவர் எங்கே மிதக்கலாம், எங்கே இறங்கி நடக்கலாம் என்று நிதானிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் முன்வரிசைக்கு வந்துவிடுவதும் இத்தகைய பந்தயங்களில் சகஜம். படகிலிருந்து இறங்குவதை அவமானமாகக் கருதுகிறவர் வற்றிய ஆற்றில் போட்டியிடாமல் இருப்பதே நல்லது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு, நீர் வற்றும் பருவம் எதுவென்று அறிய வானிலை நிலையத்தை நாட வேண்டியதில்லை. தைப்பூச இரதம் மலையடிவாரத்துக்கு வந்து சேரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே வட மலேசியாவில் மழை மிகவும் குறைந்த மாதங்கள். 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் ஊடே இறங்கி வரும் அருவியோடை அந்நாட்களில் கற்களுக்கு இடையே ஒதுங்கி ஓடும். அவ்வோடையிலோ, அது போய்க் கலக்கும் பினாங்கு ஆற்றிலோ நெடுந்தூரப் பயிற்சி செய்ய வழியில்லை. இத்தீவின் ஆறுகள் மலையிறங்கிய சில மைல்களுக்குள் கடலைக் கண்டுவிடுபவை. தெலுக் பஹாங் அணையின் நீர்ப்பரப்பில் டிராகன் படகுப் போட்டிகள் நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய அசையா நீரில் தேகபலத்தைச் சேர்க்கலாமே தவிர ஆற்றைக் கற்றுக்கொள்ள முடியாது. ஆற்றைக் கற்க விரும்புகிறவர் கடலைக் கடந்து செபராங் பிறைக்குப் போய், கெடாவுக்கும் பினாங்கு மாநிலத்துக்கும் இடையே எல்லையாக ஓடும் மூடா ஆற்றின் கரையில் இறங்க வேண்டும்.

கெடாவின் வடபகுதி மலைகளில் பிறந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் கோல மூடாவில் கடலோடு கலக்கும் இவ்வாற்றில் வறட்சிக் காலத்தில் நீர் குறைவதற்கு வானம் மட்டும் காரணமன்று. தலைப்பகுதியில் மூடா அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே பெடு நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்பட்டு வடகெடாவின் நெல்வயல்களுக்குப் போகிறது. மிச்சமாகக் கீழே வரும் நீரிலிருந்துதான் பினாங்கு மக்கள் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வேண்டியதில் பெரும்பங்கு எடுக்கப்படுகிறது. ஆகவே வயலின் தாகமும் ஊரின் தாகமும் தீர்ந்த பிறகு எஞ்சுவதில்தான் படகோட்டி தன் வித்தையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் மணல் எடுப்போரின் கைங்கரியம் வேறு. பாலாற்றையும் காவிரியையும் அறிந்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டாம். ஆனால் கயாக்காரர் அறிய வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. மணல் அள்ளிய ஆற்றில், கணுக்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருப்பவரின் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும் குழியில் இறங்கலாம். நீர் குறைந்துவிட்டது என்பதற்காக உயிர்காப்பு அங்கியைக் கழற்றிப் படகில் போடுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இனி, ஆழம் குறைந்த நீர் ஏன் படகைப் பிடித்து இழுக்கிறது என்ற காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம். படகின் அடி தரையைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளி இருக்கும்போதே கனம் கூடிவிட்டதைப் போன்ற உணர்ச்சி உண்டாவதைத் துடுப்புப் பிடித்த ஒவ்வொருவரும் அனுபவித்திருப்பார்கள். அது மனப்பிரமையன்று. ஓடும் படகு தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. ஆழம் குறைந்த நீரில் அந்த அலை ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஆழத்தைப் பொறுத்தது: ஒரு மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர், அரை மீட்டர் ஆழத்தில் சுமார் 8, கால் மீட்டர் ஆழத்தில் ஐந்தரைக்குச் சற்று மேல். நெடும்பந்தயத்தில் நடுத்தரமான ஒருவர் செல்லும் வேகம் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் என்று கொண்டால், அரை மீட்டர் ஆழத்தில் அவர் தாமே எழுப்பிய அலையின் முதுகில் ஏற முயன்றுகொண்டே இருக்கிறார் என்றாகிறது. படகின் பின்பகுதி தாழ்கிறது, முன்பகுதி நிமிர்கிறது, எவ்வளவு பலமாக வலித்தாலும் வேகம் கூடுவதில்லை.

இந்த நிலையில் செய்யத்தக்கவை இரண்டே. ஆழமற்ற பகுதி முப்பது, நாற்பது கஜத்துக்குள் முடிந்துவிடும் என்று கண்ணுக்குத் தெரிந்தால், அதற்குள் நுழையும் முன்பே ஆழ நீரில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, குறுகிய வேகமான வலிப்புகளால் அலையின் மேலேறி அப்படியே கடந்துவிடலாம். பலசாலிகளுக்கு இது கைவந்த உபாயம். பகுதி நீளமானதாக இருந்தால் அலையோடு மல்லுக்கட்டாமல், பலத்தில் பத்தில் மூன்று பங்கைக் குறைத்து, உடலைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்துப் பின்பகுதியின் பாரத்தை இலேசாக்கி, மூச்சை மீட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். அந்த இடத்தில் மற்றவரும் வேகமாகப் போக முடியாது. அவர் வீணாக்கிய சக்தி உமக்கு அடுத்த மடுவில் இலாபமாக வந்து சேரும். இதைப் படித்தவுடன் ஒப்புக்கொள்வது எளிது. பக்கத்தில் ஒருவர் முந்திப்போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கையை அடக்குவதற்குத்தான் அப்பியாசம் வேண்டும்.

ஆற்றை வாசிப்பது என்று நான் சொல்வது, நீரின் மேற்பரப்பைப் பார்த்து அடியில் இருப்பதை ஊகிப்பதைத்தான். வளைவுகளில் ஆறு வெளிக்கரையை அரித்து உட்கரையில் மணலைச் சேர்க்கிறது. ஆகவே நிறைந்த ஆற்றில் தூரத்தை மிச்சப்படுத்த உட்கரையை ஒட்டிப் போகிற அதே ஆள், வற்றிய ஆற்றில் நீளமான வெளிவளைவை மேற்கொள்ள வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே. அதிகம் பேர் தவறுவது, ஒரு வளைவுக்கும் அதற்கு எதிர்த்திசையில் திரும்பும் அடுத்த வளைவுக்கும் நடுவில்தான். அங்கே ஆழமான தடம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்காகக் கடக்கிறது. கடக்கும்போது பரந்து, மெலிந்து, பல கிளைகளாகப் பிரிகிறது. நேராகப் போனால் குறுக்கேயுள்ள திட்டில் முட்டிக்கொள்வோம். நீரோட்டத்தோடு சேர்ந்து நாமும் குறுக்காகப் போக வேண்டும். எந்தக் கிளையில் போவது என்ற ஐயம் எழுந்தால், அதிக நீர் எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். அகலமான கிளையில்தான் அதிக நீர் போகும் என்பது நிச்சயமில்லை. குறுகலாகவும் ஓசை குறைந்தும் கறுத்தும் ஓடுவது பெரும்பாலும் ஆழமானது. பரந்து, சிற்றலைகள் பூத்து, வெயிலில் மினுமினுத்துச் சலசலவென்று பேசிக்கொண்டு ஓடுவது கணுக்காலளவுதான். இரு பாறைகளுக்கு நடுவே நீர் கூம்பி, அதன் முனை கீழ்நோக்கிச் சுட்டினால் அது வாசல். முனை மேல்நோக்கி நம்மைச் சுட்டினால் அதன் நுனியில் ஒரு கல் காத்திருக்கிறது.

மலையாறுகளில் இக்குறிகள் தெளிவாகத் தெரியும். மூடா போன்ற மணலாறுகளில் நீர் கலங்கியிருப்பதால் நிறத்தை நம்ப முடியாது; அங்கே கரைகளைப் பார்க்க வேண்டும். செங்குத்தாக இடிந்து விழுந்த கரையின் கீழே ஆழம் இருக்கும். சரிந்து இறங்கும் கரை நீருக்கடியிலும் அவ்வாறே சரிந்து நெடுந்தூரம் போயிருக்கும். இடிந்த கரையோரத்தில் மரங்களும் விழுந்து கிடக்கும் என்பதை மறக்கலாகாது. நீர் கிளைகளின் ஊடே புகுந்து போய்விடும். நாம் போக முடியாமல் அதில் சிக்கிக்கொள்வோம். ஆழத்துக்கு ஆசைப்பட்டு மரத்துக்குள் நுழைவதைவிடத் திட்டில் தரைதட்டுவது எவ்வளவோ மேல். காலை வெயில் எதிரில் அடிக்கும் பகுதிகளில் மேற்பரப்பு கண்ணாடியாகிக் குறிகள் எல்லாம் மறைந்துவிடும் என்பதால், பந்தயத்துக்கு முன் ஒரு முறை, பந்தயம் நடக்கப்போகும் அதே வேளையில், வழியைப் பார்த்துவிடுவது உத்தமம். பார்க்கும்போது கரையில் தூண்டில் போட்டிருக்கும் மலாய்ப் பெரியவரை, “பாக்சிக்” என்று மரியாதையாக அழைத்து இரண்டு வார்த்தை கேட்டால், எந்த வரைபடமும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

படகைப் பற்றி. சர்வதேச விதிகளின்படி ஒற்றையாள் பந்தயக் கயாக்கின் நீளம் அதிகபட்சம் 5.2 மீட்டர், நெடும்பந்தயத்துக்கு அதன் எடை 8 கிலோவுக்குக் குறையக்கூடாது. இத்தகைய இலேசான கார்பன் படகுகள் ஆழ நீரில் அம்பாய்ப் பாயும். கல்லாற்றில் முதல் மோதலிலேயே விரிசல் காணும். பந்தயத்தின் பெரும்பகுதி மணலாக இருந்தால் கண்ணாடியிழைப் படகு போதும். கல் அதிகமானால் வேகத்தில் சற்றுப் பின்தங்கினாலும் தடித்த பிளாஸ்டிக் படகுதான் முழுசாகக் கரை சேரும். இதைவிட முக்கியமானது சுக்கான். படகின் அடியில் நிலையாகப் பொருத்திய சுக்கான் வற்றிய ஆற்றில் ஒரு நங்கூரம்; பின்முனையில் கீலில் தொங்கி, கல் பட்டால் தானே மேலே மடிந்துகொள்ளும் சுக்கானே இங்கே ஏற்றது. சுமையைப் பொறுத்தவரை, ஒற்றையாள் பந்தயப் படகு ஏறத்தாழ ஒவ்வொரு கிலோவுக்கும் முக்கால் மில்லிமீட்டர் தாழ்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். பத்துக் கிலோ மூட்டை முடிச்சோடு புறப்படுகிறவர் தம் படகை அரை விரல் பருமனுக்கு ஆழத்தில் அழுத்திவிடுகிறார். அந்த அரை விரல் பருமன் நாள் முழுவதும் எத்தனை திட்டுகளில் அவரை நிறுத்தும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீரை முழுதும் சுமக்காமல் பாலங்களில் நிற்கும் துணைவர்களிடம் வாங்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒட்டுநாடாச் சுருள் ஒன்றையும் ஈரம் துடைக்க ஓர் உலர்ந்த துணியையும் எந்தக் கணக்கிலும் விட்டுவிடக் கூடாது.

துடுப்பு விஷயத்தில் ஒரு வார்த்தை. பழகிய ஆழத்துக்குத் தகட்டை இறக்கினால் அது மணலில் குத்தி முழங்கையையும் தோளையும் உலுக்கும். கையைத் தாழ்த்தி, தகட்டின் பாதியை மட்டும் நனைத்து, குறுகலாகவும் அடிக்கடியும் வலிக்க வேண்டும்.

நீர் வற்றிய ஆற்றில் பந்தயம் என்ற பேச்செடுத்தால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அது நம்மவர் பூமியும்கூட. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துருரோ’ கப்பலில் டர்பனில் போய் இறங்கியவர்களின் சந்ததியார் அங்கே ஓடும் உம்கேனி ஆற்றின் படுகையில் காய்கறித் தோட்டம் போட்டார்கள், முகத்துவாரத்தில் வலை வீசினார்கள். 1917-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த ஆறு பெருக்கெடுத்துத் தோட்டக்காரர் குடியிருப்பை வாரிக்கொண்டு போனபோது, படவட்டான் குழுவினர் என்று இன்றும் நினைவுகூரப்படும் மீனவர் அறுவர் தங்கள் படகை வெள்ளத்தில் செலுத்தி 170-க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். அதே ஆற்றில், வேறொரு காலத்தில், படகுக்கு வேண்டிய நீர்கூட இல்லாமல் ஒரு பந்தயம் பிறந்தது. பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகங்களைக் காத்தவர் என்று உலகப் புகழ் பெற்ற இயன் பிளேயர், 1951 டிசம்பர் 22-ஆம் நாள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலிருந்து டர்பன் வரை உம்சிண்டுசி, உம்கேனி ஆறுகளின் வழியே படகுப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். எட்டுப் பேர் புறப்பட்டார்கள். ஆறு வற்றிக் கிடந்தது. நடுவே திடீர் வெள்ளமும் ஒன்று வந்தது. பிளேயரைப் பாம்பு கடித்தது. ஆறு நாட்கள், எட்டு மணி, பதினைந்து நிமிஷங்களுக்குப் பிறகு டர்பனை அடைந்தவர் அவர் ஒருவர்தான்; மற்ற ஏழு பேரும் வழியிலேயே கைவிட்டுவிட்டனர்.

‘டூசி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அப்பந்தயம் இன்று ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாட்களில் கடப்பதாக ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் சரித்திரத்தில் பதினைந்து முறை வென்ற கிரேம் போப்-எல்லிஸ் என்பவரின் வெற்றி இரகசியம் துடுப்பில் இல்லை, கால்களில் இருந்தது. ஆறு சுற்றி வளைத்துப் போகும் இடங்களிலும், பாறைக்குவியலாகிப் பயனற்றுப் போகும் இடங்களிலும் அவர் படகைத் தோளில் போட்டுக்கொண்டு குன்றேறி ஓடிக் குறுக்குவழியில் அடுத்த மடுவை அடைந்துவிடுவார். மற்றவர்கள் தூக்கிச் செல்லும் பகுதியை ஒரு தண்டனையாகக் கருதிய காலத்தில், அவர் அதைப் பந்தயத்தின் மையமாகக் கருதிப் பயிற்சி செய்தார். மூன்றாம் நாள் வழியில் ‘பர்மா ரோடு’ என்று படகோட்டிகள் பெயரிட்ட செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. நீர் வளமாக இருந்தால் ஆற்றோடு சுற்றி வருவதா, குறைந்திருந்தால் குன்றைக் கடப்பதா என்பதை ஒவ்வொருவரும் அந்த வேளையில் தீர்மானித்தாக வேண்டும். (நம் ஜார்ஜ்டவுனிலும் ஒரு பர்மா ரோடு உண்டு, பெருமழை நாட்களைத் தவிர அதைக் கடக்கப் படகைப் பற்றிய சிந்தனை அவசியமில்லை.)

ஆகையால், வற்றிய ஆற்றுப் பந்தயத்துக்குத் தயாராகிறவர் வாரத்தில் சில நாட்களேனும் கால்களுக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர்மலையின் மேலுள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஏறும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இதற்குக் கிடைத்த பெரும் பாக்கியம். படகை அங்கே கொண்டு போவது பக்தர்களுக்கு இடையூறு என்பதால், விடியற்காலையில் வெறுந்தோளோடு ஏறி இறங்கினாலே முழங்காலும் மூச்சும் உரம் பெறும். படகோடு ஓடும் பயிற்சியைப் புல்வெளியில் வைத்துக்கொள்ளலாம். உட்காரும் குழியின் விளிம்பைத் தோளின் சதைப்பற்றான இடத்தில் அமர்த்தி, முன்முனை சற்றே தாழ, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையில் துடுப்பை ஊன்றிக்கொண்டு போவதுதான் முறை. தோளுக்கு ஒரு மெத்தைத் துண்டு தைத்து வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

இறங்குவது எப்போது? என் கணக்கு இது: அடுத்தடுத்த மூன்று வலிப்புகளில் இரண்டு முறை துடுப்பு தரையைத் தொட்டுவிட்டால், நாலாவது வலிப்பைப் போடாமல் இறங்கிவிட வேண்டும். படகு முற்றிலும் நின்ற பிறகு இறங்கினால், அதை மறுபடி மிதக்கவிட இழுக்கும் சிரமம் இரட்டிப்பாகும். வேகம் மிச்சமிருக்கும்போதே கால் வைத்தால் படகு தானே முன்னால் வழுக்கிக்கொண்டு வரும். இறங்கும்போது படகுக்கு மேல்பக்கம், அதாவது நீர் வரும் பக்கம், இறங்க வேண்டும். கீழ்ப்பக்கம் இறங்கினால், நீர் நிறைந்து கனத்த படகு நம்மைக் கல்லோடு சேர்த்து நசுக்கும். வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்கவே கூடாது; கல்லிடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் நீரின் தள்ளலே ஆளைக் கவிழ்த்து முகத்தை அமிழ்த்திவிடும். கயிற்றைக் கையில் பிடிக்கலாம், மணிக்கட்டில் சுற்றலாகாது. ஓட்டத்தில் படகு குறுக்காகத் திரும்பிக் கல்லில் சாய்ந்துவிட்டால், மனித சுபாவம் கல்லைவிட்டு விலகிச் சாயச் சொல்லும். அவ்வாறு செய்தால் மேல்விளிம்பு தாழ்ந்து நீர் உள்ளே புகும். கல்லை நோக்கியே சாய்ந்து, அதைக் கட்டித் தழுவினாற்போல் கையூன்றித் தள்ளிக்கொண்டு நழுவ வேண்டும்.

கூட்டத்தில் போகும்போது முன்னால் செல்பவரின் அலையில் ஒட்டிக்கொண்டு சக்தியை மிச்சப்படுத்துவது நெடும்பந்தயத்தின் பொதுத் தந்திரம். ஆழம் குறைந்த இடத்தில் அவ்வலை பக்கவாட்டில் விரிந்து செங்குத்தாகிவிடுவதால் பழைய இடத்தில் ஒட்ட முடியாது. அதோடு, முன்னால் இருப்பவர் தரைதட்டினால் பின்னால் வருபவரின் முனை அவர் முதுகில்தான் இறங்கும். சலசலப்புத் தொடங்கும் இடத்தில் மூன்று படகு நீளம் விட்டுவிட வேண்டும். ஒரு விதத்தில் இது நமக்கு அனுகூலமே: அவர் எந்தத் தடத்தில் நின்றுவிட்டார் என்று பார்த்து நாம் வேறு தடத்தை எடுக்கலாம். பாலத்தில் நிற்கும் துணைவர், “தம்பி, திட்டுக்கு இடப்பக்கம் போ, வலது செத்துப் போச்சு” என்று ஒரே வரியில் சொல்லப் பழகியிருக்க வேண்டும். உற்சாக கோஷங்களால் அந்த வேளையில் பயனில்லை.

சில பந்தயங்களில், வற்றிய ஆற்றுக்கு உதவியாக மேலேயுள்ள அணையிலிருந்து நீர் திறந்துவிடுவார்கள். டூசிக்கும் ஹென்லி, இனாண்டா அணைகளிலிருந்து இவ்விதம் நீர் கிடைப்பதுண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. திறந்துவிட்ட நீரின் தலைமுனை ஆற்றில் இறங்கிவரும் வேகமும் படகின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், முன்னணியில் பாய்ந்து செல்கிறவர் சில வேளைகளில் நீரையே முந்திக்கொண்டு வறண்ட படுகைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதையும், முதல் நாள் ஒத்திகையில் அது எந்தப் பாலத்தை எப்போது அடைந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் புறப்படலாகாது.

பந்தயம் முகத்துவாரத்தில் முடிவதாக இருந்தால் ஆற்றின் வற்றலோடு கடலின் வற்றலும் சேர்ந்துகொள்ளும். பினாங்குக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆகவே ஆறு மிக மெலிந்திருக்கும் அதே வாரத்தில்தான் கடலும் மிகத் தூரம் பின்வாங்குகிறது. அந்நாட்களில் கோல மூடாவின் வாயில் வற்று நேரத்தில் வந்து சேர்கிறவர், கண்ணெதிரே முடிவுக்கோட்டை வைத்துக்கொண்டு தொடையளவு சேற்றில் படகை இழுக்க நேரும். மணலில் நடப்பதைப் போலச் சேற்றில் நடக்க முடியாது, அதில் வீரம் காட்டவும் கூடாது. இங்கிலாந்தில் 1948 முதல் நடந்துவரும் டெவைசஸ்-வெஸ்ட்மின்ஸ்டர் பந்தயத்தில், 125 மைல் தூரத்தையும் 77 தூக்கிச்செல்லும் இடங்களையும் கடப்பவர்கள், தேம்ஸ் நதியில் கடலேற்றம் எட்டும் டெடிங்டனை எத்தனை மணிக்கு அடைய வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஏற்றவற்ற அட்டவணையை விரித்து அவ்வாறே பின்னோக்கிக் கணக்கிட நாமும் பழக வேண்டும். முகத்துவாரங்களில் முதலை கண்டதாகச் செய்தி வரும் பகுதிகளில், மாலைப் பொழுதில் இறங்கி நடப்பதைத் தவிர்ப்பது பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தேக பராமரிப்பில், வெயிலுக்கும் தாகத்துக்கும் முன்பே ஓர் அத்தியாயம் ஒதுக்கிவிட்டேன். உப்பிட்ட மோரும் நீர்த்த கஞ்சியும் இங்கேயும் பொருந்தும். வற்றிய ஆற்றுக்கே உரிய ஆபத்து, நீரின் அசுத்தம். கழிவு குறையாமல் நீர் மட்டும் குறைவதால் கிருமிகள் செறிவடைகின்றன. டூசியில் போட்டியிட்டவர்களை வாட்டும் வயிற்றுப்போக்குக்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் இதைவிடக் கடுமையான உதாரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ‘ஈகோ-சேலஞ்ச்’ சாகசப் பந்தயத்தில் செகாமா ஆற்றிலும் போட்டியாளர்கள் படகு விட்டார்கள், நீந்தினார்கள். பந்தயம் முடிந்து தத்தம் நாடுகளுக்குத் திரும்பிய பிறகு பலர் காய்ச்சலில் விழுந்தனர். விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் குறிகள் இருந்தன. எலி முதலிய பிராணிகளின் சிறுநீரால் நீரிலும் சேற்றிலும் கலக்கும் இந்நோய்க்கிருமி, சிராய்த்த தோலின் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகிறது; அடிக்கடி இறங்கி நடக்கும் வற்றிய ஆற்றுப் பந்தயத்தில் சிராய்ப்பு இல்லாத காலே இராது.

ஆகவே மூடிய காலணி, நீர் வடியத் துளையுள்ளதாக, கட்டாயம் வேண்டும். துடுப்பைப் பிடித்த கையால் வாயைத் துடைக்கக் கூடாது. குடிக்கும் குழாயின் முனைக்கு மூடி இருக்க வேண்டும். முன்பே உள்ள காயங்களை நீர்புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொண்டு, கரையேறிய உடனே சோப்பிட்டுக் கழுவி, கால்விரல் இடுக்குகளைச் சேற்றுப்புண் வராமல் உலர்த்த வேண்டும். முன்கூட்டி மருந்து உட்கொள்வதா என்பது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். பந்தயத்துக்குச் சில நாள் முன்னதாகவே அவரைக் கலந்துகொள்வது நலம். இந்நோய் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள், சில வேளை ஒரு மாதம் கழித்தும்கூட, வெளிப்படும். அந்தக் காலத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், பந்தயக் களைப்பு என்றோ டெங்கு என்றோ தாமே முடிவு கட்டிக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போய், எந்த ஆற்றில், எந்தத் தேதியில், எவ்வளவு நேரம் இறங்கி நடந்தோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.